வெடி வெடிக்காத ஊருக்குப் போகும் வழியில்

தீபாவளிக்கு முந்தைய நாள் மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ்ஸில் ஏறுவது பெரும்பாடு. மகளுக்கு மட்டும் ஓர் இடம் கிடைத்தது. நான் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டேன். அவளுக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் மாசில்லாத் தீபாவளி பற்றிப் பேசி முதல் பரிசு வாங்கியவள். அடுத்த வாரமே பட்டாசுப் பட்டியல் ஒன்றை எழுதி என் சட்டைப்பையில் வைத்தாள். இரண்டையும் மனதாரத்தான் செய்தாள். பேச்சில் சொன்னதற்கும் பட்டியலுக்கும் சம்பந்தம் உண்டென்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானும்தான் சொல்லித் தரவில்லை.

மேலூரில் சித்தி வீட்டில் தீபாவளி. மறுநாள் காலையில், திருப்பத்தூர் சாலையில் இருக்கும் கொள்ளுக்குடிப்பட்டிக்குப் போகலாம், அங்கே தீபாவளிக்கு வெடியே போட மாட்டார்கள் என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

“போடக் கூடாதுன்னு யாருப்பா சொன்னது?”

“யாரும் சொல்லலை. கண்மாய்ல பறவைங்க இருக்கு.”

பஸ் ஒத்தக்கடை தாண்டி யானைமலையைச் சுற்றிக்கொண்டு போகும்வரை பேசாமல் இருந்தாள். பிறகு திரும்பி, “அப்ப அந்த ஊர்ப் பிள்ளைங்க பாவம்ல?” என்றாள். என்னிடம் பதில் இல்லை.

மேலூர் போகும் முன் நரசிங்கம்பட்டியில் இறங்கினோம். அரிட்டாபட்டியைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. வடகிழக்குப் பருவமழை அந்த வாரம்தான் தொடங்கியிருந்தது. முதல் நாள் மழையில் வழிந்த நீர் குன்றுகளின் மேல் கறுப்புக் கோடுகளாகத் தடம் விட்டிருந்தது. ஊரைச் சுற்றி ஏழு குன்றுகள். மண்ணில்லாத மொட்டைப் பாறையில் விழும் மழை, சுனைகளையும் பிளவுகளையும் நிறைத்துக்கொண்டு மிச்சம் அடிவாரத்துக் கண்மாய்க்கு வருகிறது. அந்தக் கண்மாய் நிறைந்தால் கலுங்கில் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்கு. அது நிறைந்தால் அதற்கும் அடுத்ததற்கு. மலைதான் இங்கே ஆற்றின் வேலையைச் செய்கிறது.

2022 நவம்பரில் தமிழக அரசு அரிட்டாபட்டியிலும் பக்கத்து மீனாட்சிபுரத்திலும் சேர்த்து 193 ஹெக்டேரைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் அதுதான் முதல் தலம். 72 நீர்நிலைகள், 200 சுனைகள், 3 தடுப்பணைகள், சுமார் 250 வகைப் பறவைகள் என்று அரசு அப்போது கணக்குச் சொன்னது. லக்கர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, பொனெல்லிக் கழுகு என்ற மூன்று வேட்டைப் பறவைகளும் அழுங்கும் தேவாங்கும் மலைப்பாம்பும் அந்தப் பட்டியலில் உண்டு.

இவை எல்லாவற்றுக்கும் முந்தைய கணக்கு ஒன்று பாறையிலேயே இருக்கிறது. மீனாட்சிபுரத்துக் குன்றில் உள்ளதுதான் மாங்குளம் கல்வெட்டு. நெடுஞ்செழியன் பெயரும், கணி நந்தாசிரியன் என்ற சமண முனிவரின் பெயரும், வெள்ளறை நிகமத்தார் பெயரும் தமிழி எழுத்தில் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. முனிவருக்குக் கற்படுக்கை வெட்டிக்கொடுத்த கொடை அது. ஏறக்குறைய 2,200 ஆண்டுகளுக்கு முந்தையது என்கிறார்கள் ஆய்வாளர்கள். அரிட்டாபட்டிக் குன்றில் பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அபூர்வமாகவே காணக் கிடைக்கும் இலகுலீசர் சிற்பம் அங்கே உண்டு. பாறை நிற்கும் என்ற நம்பிக்கை இல்லாதவர்கள் பாறையில் பெயரை எழுத மாட்டார்கள்.

கண்மாய்க் கரையில் ஆடுகளை விட்டுவிட்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தொட்டிருப்பார். பக்கத்தில் கழுத்தில் பைனாகுலர் மாட்டிய இளைஞன். அவர் பேரன், மதுரைக் கல்லூரியில் படிக்கிறவன், தீபாவளி விடுமுறைக்கு வந்திருக்கிறான். என் மகளிடம் பைனாகுலரைக் கொடுத்து, பாறை முகட்டில் உட்கார்ந்திருந்த பறவையைக் காட்டினான். மார்பு நிறம் எப்படி, இறக்கை நுனி எப்படி, ஷாஹீனை எப்படித் தனியாகப் பிரித்தறிவது என்று பொறுமையாகச் சொன்னான். பார்க்கிற ஒவ்வொன்றையும் நாளும் நேரமும் போட்டு ஃபோனில் பதிவதாகவும் சொன்னான்.

“தாத்தாவுக்கு மூணுமே வல்லூறுதான்” என்றான் சிரித்துக்கொண்டே.

பெரியவர் அதற்கு வருத்தப்படவில்லை. “பேரு தெரியாட்டி என்னப்பா? எந்தப் பொடவுல கூடு வைக்கும்னு தெரியும். அந்தப் பக்கம் ஆட்டைப் பத்த மாட்டோம்.” பிறகு என் பக்கம் திரும்பி, “மல நனைஞ்சாத்தான் கம்மா நெறையும் தம்பி. கம்மா நெறஞ்சாத்தான் சோறு. நாங்க பாத்தது அம்புட்டுத்தான்” என்றார்.

அந்த ‘அம்புட்டுத்தான்’ எவ்வளவு பெரிது என்பது டங்ஸ்டன் விவகாரத்தில் தெரிந்தது. 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில் சுமார் 5,000 ஏக்கருக்கான சுரங்க ஏலத்தை மத்திய அரசு முடித்தது. அரிட்டாபட்டியின் 193 ஹெக்டேரும் அதற்குள் இருந்தது. கிராமசபைகள் கூடின. டிசம்பரில் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. பல்லுயிர்த் தலத்தை விலக்கிவிட்டு எல்லையை மறுபடி வரையலாமா என்று ஆராயச் சொல்லி, மத்திய அரசு ஓரடி பின்வாங்கியது.

193 ஹெக்டேர் தப்பியது என்று நகரத்தில் இருந்த நாங்கள் மூச்சு விட்டோம். ஊர் மூச்சு விடவில்லை. முழு ஏலமும் ரத்தாக வேண்டும் என்று 2025 ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரையை நோக்கி ஆயிரக்கணக்கானோர் கிளம்பினார்கள். கம்பூன்றிய கிழவிகளும் கைக்குழந்தைக்காரிகளும் அதில் இருந்தார்கள். ஜனவரி 23ஆம் தேதி ஏலம் முழுவதும் ரத்தானது. பல்லுயிர்த் தலத்தின் முக்கியத்துவமும் மக்களின் பாரம்பரிய உரிமைகளும் காரணமாகச் சொல்லப்பட்டன.

பெரியவரிடம் அதைப் பற்றிக் கேட்டேன். “தலைய விட்டுட்டு ஒடம்ப வெட்டுறேங்குறான். மலையில விழுகுற தண்ணி கோடு போட்டா நிக்கிது?” என்றார்.

அந்தக் கரையில் எனக்கு ஒன்று விளங்கியது. பேரனைப் போன்றவர்கள் எண்ணி எழுதிய பறவைகள்தாம் அந்த மலையை அரசிதழில் ஏற்றின. தாத்தாவின் வழக்கம் எந்தக் காகிதத்திலும் இல்லை; வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு டெல்லியிடம் வாதாட முடியாது. காகிதமோ 193 ஹெக்டேரோடு நின்றுவிட்டது. அதற்கு வெளியேயும் மலை உண்டு, கண்மாய் உண்டு, மறுகால் உண்டு என்று விடாமல் நின்றது தாத்தா தலைமுறையின் தண்ணீர்க் கணக்கு. படித்த பிள்ளைகள்தாம் ஊரைக் காப்பாற்றினார்கள் என்று சிலர் எழுதினார்கள். அது பாதிக் கதை.

அன்றிரவு மேலூரில் வெடிச்சத்தம் விடியும்வரை ஓயவில்லை. 2018இல் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்கு நேரக் கட்டுப்பாடு விதித்ததிலிருந்து தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று ஆண்டுதோறும் அறிவிக்கிறார்கள். அந்த அறிவிப்பு அன்று யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை. சித்தி நான்கு மணிக்கே எழுப்பித் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டார். மகள் தன் பங்குக்கு வாசலில் இரண்டு சரம் கொளுத்தினாள். நான் தடுக்கவில்லை.

கொள்ளுக்குடிப்பட்டிக்கு வாடகைக் கார். ஓட்டி வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். மேலூர் தாண்டிக் கீழவளவு நெருங்கும்போது, கேட்காமலே வண்டியை மெதுவாக்கினார். சாலையோரத்தில் பஞ்சபாண்டவர் மலை. அதிலும் சமணப் படுக்கைகளும் தமிழி எழுத்தும் உண்டு. இந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் குன்று குன்றாக வெட்டிக் கிரானைட்டாக ஏற்றுமதி செய்தார்கள். 2012இல் மதுரை ஆட்சியராக இருந்த சகாயம், அரசுக்கு ரூ.16,338 கோடி இழப்பு என்று கணக்கிட்டு அறிக்கை அனுப்பினார். பின்னால் உயர் நீதிமன்றமே அவரைச் சட்ட ஆணையராக நியமித்து விசாரிக்கச் சொன்னது. குன்று இருந்த இடத்தில் இன்று சதுரம் சதுரமாக ஆழக் குழிகள். உள்ளே பச்சைத் தண்ணீர். அந்தத் தண்ணீர் எந்த வயலுக்கும் போகாது.

“நான் ஜாக்ஹாமர் பிடிச்சவண்ணே” என்றார் டிரைவர்.

கொஞ்ச தூரம் போனபிறகுதான் மேலே பேசினார். அவர் அப்பா காலத்தில் கண்மாய் பெருகிய வருஷம் ஒன்றென்றால் பெருகாத வருஷம் இரண்டு. நிலத்தை நம்பிப் பெண் கொடுக்க ஆளில்லை. குவாரி வந்ததும் வாரச் சம்பளம். “எந்தங்கச்சி காதுல தோடு ஏறுனது அந்தக் கல்லுலதான். இன்னிக்கு எம்மகன் கேக்குறான், எப்படிப்பா மனசு வந்து மலைய வெட்டுனேன்னு. அவன் காலேஜ் படிக்கிறதும் அந்தக் காசுலதான். அவன்கிட்ட அதச் சொல்லவும் முடியல.” கண்ணாடியில் அவர் கண்களைப் பார்த்தேன். “எங்கய்யா ஒண்ணும் கேட்கல. மக கல்யாணம் முடிஞ்சு அடுத்த வருசம், மல இருந்த எடத்தப் பாத்துட்டு வந்து ரெண்டு நாள் சாப்பிடல. அவ்வளவுதான்.”

அப்பாவின் மௌனமும் மகனின் கேள்வியும் இரண்டு பக்கமும் இடிக்க, நடுவில் இருக்கிற தலைமுறை இது. என் தலைமுறையும் இதுதான். எங்கள் வீட்டுச் சமையல் மேடையில் பதித்திருப்பது கிரானைட். அது எந்தக் குன்றிலிருந்து வந்தது என்று வாங்கும்போது கேட்கவில்லை; விலைதான் கேட்டேன். ஜாக்ஹாமர் பிடித்தவரைக் குற்றம் சொல்வது எளிது. அவர் தங்கையின் தோட்டுக்காக வெட்டினார். வாங்கிய எங்களுக்கு அப்படியொரு அவசியமும் இருக்கவில்லை.

முன்னோர் எல்லாம் இயற்கையைக் காத்தார்கள், நடுவில் வந்தவர்கள் கெடுத்தார்கள் என்று பேசுவதும் சரியில்லை. வழி நெடுக மண்டிக் கிடந்த சீமைக்கருவேலத்தை டிரைவர் காட்டினார். அவர் தாத்தா காலத்தில், வேலிக்கும் விறகுக்கும் ஆகும் என்று அரசே பரப்பிய மரம் அது. அப்பா காலத்தில் வறண்ட ஊர்கள் பல அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைத்தன. இன்று அவர் மகன் வயதுப் பையன்கள் அதை வேரோடு பிடுங்குகிறார்கள். அவரவர் காலத்தில் அவரவர் செய்தது நியாயமாகத்தான் பட்டிருக்கிறது.

கொள்ளுக்குடிப்பட்டி விலக்கில் வண்டியைத் திருப்பியதும் டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டார். பெரிய கொள்ளுக்குடி, சின்னக் கொள்ளுக்குடி, வேட்டங்குடி என்று மூன்று கண்மாய்கள் சேர்ந்ததுதான் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம். 1977இல் அரசு அறிவித்தது. மொத்தமே 38 ஹெக்டேர் சொச்சம். சாதாரணக் கண்மாய்களைப் போலத்தான் தெரிகிறது. தண்ணீருக்குள் நிற்கும் நாட்டுக்கருவேல மரங்களில் பறவைகள்.

முதலில் கேட்டது கீச்சொலி இல்லை. காய்ந்த மூங்கிலை மூங்கிலால் தட்டுவதுபோல ஓர் ஒலி. நத்தைகுத்தி நாரைகள் அலகால் தாளம் போடுகின்றன என்று அங்கிருந்த வனத்துறைக் காவலர் சொன்னார். இந்த நாரையின் மேலலகும் கீழலகும் நடுவில் ஒட்டுவதில்லை. ஒரு சந்து இருக்கும். வயலில் நத்தையைப் பிடித்து ஓட்டிலிருந்து சதையை எடுக்க வாகாக அமைந்த அலகு. நீர்க்காகங்கள் இறக்கையை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. வெள்ளை அரிவாள் மூக்கன்கள், வக்காக்கள், கழுத்தை மட்டும் நீட்டி நீந்தும் பாம்புத்தாரா. கூட்டம் இன்னும் சேரவில்லை, நவம்பருக்கு மேல் வாருங்கள் என்றார் காவலர். என் மகள் அரை மணி நேரம் கரையைவிட்டு அசையவில்லை.

தீபாவளிக் காலை எட்டு மணி. புதுச்சட்டையில் பிள்ளைகள் தெருவில் ஓடுகிறார்கள், பலகாரம் மணக்கிறது, வெடிச்சத்தம் மட்டும் இல்லை. கண்ணை மூடினால் வேறு ஏதோ பண்டிகை மாதிரி இருக்கிறது. தெருவில் ஒரு காகிதத் துண்டு கிடக்கவில்லை.

ஒரு திண்ணையில் அப்பத்தா ஒருவரும் பேத்தியும் உட்கார்ந்திருந்தார்கள். என் மகள் நேரே போய் அந்தப் பெண்ணிடம் பஸ்ஸில் கேட்ட கேள்வியைக் கேட்டுவிட்டாள்: “உனக்கு ஆசையா இருக்காதா?”

“இருக்கும்” என்றாள் அவள், தயங்காமல். “சின்னதுல அழுதிருக்கேன்.” பக்கத்தில் நின்ற தம்பி, “நாங்க அம்மாச்சி ஊருக்குப் போனா வெடிப்போம்” என்றான். அக்கா அவனை முறைத்தாள். பறவை பாவம், குஞ்சு விழுந்துவிடும், பயந்து போனால் திரும்பாது என்றெல்லாம் எங்களுக்காகக் கோர்வையாகச் சொல்ல அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். நிறையப் பேர் வந்து கேட்டிருப்பார்கள். ஆனால் முதலில் வந்த பதில் அழுதிருக்கேன் என்பதுதான். அது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

அப்பத்தா சிரித்தார். “நான் வாக்கப்பட்டு வந்தவ, தாயி. எங்க ஊர்ல வெடிச்சுத் தள்ளுவாக. இங்க வந்த மொத வருசம் தீவாளி மாதிரியே இல்ல. ஏன்னு மாமியாகிட்டக் கேட்டேன். பிள்ளத்தாச்சி இருக்குற வீட்டுல வெடி போடுவியான்னாக. அதோட கேக்கல.” இந்த ஊரில் தலைத் தீபாவளிக்கு வரும் மாப்பிள்ளைக்குக்கூட வெடி கிடையாதாம். “மாப்ளைக்கு மொகம் வாடத்தான் செய்யும். கறிச்சோறு போட்டுச் சரி பண்ணிருவோம்.” கல்யாணம், கோயில் திருவிழா எதற்கும் வெடி இல்லை. அரை நூற்றாண்டுக்கு மேலாக இப்படித்தான் நடக்கிறது. இதற்குச் சட்டமில்லை, அபராதமில்லை. ஆண்டுதோறும் தீபாவளிக்கு வனத்துறை ஊர்க்காரர்களுக்கு இனிப்புக் கொடுத்து நன்றி சொல்கிறது.

பறவை எச்சம் கலந்த கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அப்பத்தாவுக்கும் தெரிந்திருக்கிறது. இது இந்த ஊருக்கு மட்டும் தெரிந்த சங்கதி இல்லை. வேடந்தாங்கலில் பறவைகளைச் சுட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள்மேல் விவசாயிகள் புகார் செய்து, 1798இலேயே கலெக்டரிடம் காப்பு உரிமையை எழுத்தாக வாங்கினார்கள். பயன் இருந்தது, அதனால் காத்தார்கள் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் கடையில் உர மூட்டை கிடைக்கும் இந்தக் காலத்தில் எச்சத்தை நம்பி யாரும் வெள்ளாமை செய்வதில்லை. பயன் குறைந்துபோன பிறகும் இந்த ஊரில் வழக்கம் நிற்கிறது. அதற்குக் காரணம் வேறு.

திரும்பும் வழியெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். கொள்ளுக்குடிப்பட்டியில் வழக்கத்தை வைத்தவர்கள் பெரியவர்கள். அதற்கான விலையைக் கொடுக்கிறவர்கள் பிள்ளைகள். மகள் கேட்டது சரி, அந்தப் பிள்ளைகள் பாவம்தான். ஆனால் விட்டுக்கொடுக்கச் சொல்லும் அப்பனும் அப்பத்தாவும் தாங்களும் பிள்ளையாக, மருமகளாக அதே ஆசையை விட்டவர்கள். அதனால்தான் அவர்கள் சொல்லுக்கு அங்கே மதிப்பு இருக்கிறது. அழுத பிள்ளை வளர்ந்து, தன் பிள்ளை அழும்போது அந்த அழுகையை உள்ளபடி அறிந்தே ‘வெடி இல்லை’ என்கிறது. தாங்கள் எதையும் விடாத பெரியவர்கள் சொல்லியிருந்தால் ஒரு தீபாவளிகூடத் தாங்கியிருக்காது.

நாங்கள் நகரத்தில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் பாடம் வைக்கிறோம், பேச்சுப்போட்டி வைக்கிறோம், மரக்கன்றோடு நிறுத்திப் படம் எடுக்கிறோம். எதிர்காலம் உங்கள் கையில் என்கிறோம். எங்கள் கையில் இருப்பதில் எதையும் குறைத்துக்கொள்வதில்லை. பேசிப் பரிசு வாங்கிய மறுவாரம் பட்டாசுப் பட்டியல் எழுதிய என் மகள், எங்களைப் பார்த்துத்தான் அதைக் கற்றுக்கொண்டாள். இன்றைய பிள்ளைகளுக்கு ஃபோனைவிட்டால் உலகம் தெரியாது என்று சலித்துக்கொள்ளும் என் வயதுக்காரர்களிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான்: பிள்ளைகள் கண்முன்னால், அவர்களுக்குத் தெரியும்படி, நாம் கடைசியாக எதை விட்டோம்?

மேலூர் திரும்பியபோது இருட்டிவிட்டது. தெருவே புகையாக இருந்தது. மகள் பட்டாசுப் பெட்டியைத் திறந்தாள். மத்தாப்பும் சங்குசக்கரமும் மட்டும் எடுத்தாள். வெடிகளை அப்படியே மூடிவைத்தாள். அடுத்த ஆண்டு என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவுமில்லை. நான் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் எனக்கு இப்போது தெரியும்.

வேட்டங்குடியில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பறவைகள் நிறைந்திருக்கும். மேலூரிலிருந்து திருப்பத்தூர் போகும் பஸ்ஸில் போய்வரலாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். காரில் போகிறவர்கள் விலக்கிலேயே பாட்டை நிறுத்திவிடுங்கள், ஹாரன் அடிக்காதீர்கள், கண்மாய்க்கு முன்பே வண்டியை அணைத்துவிட்டுக் கரைக்கு நடந்து போங்கள்.